ஒரே சுருளில் ஒரே ஆள்

முட்டாள்தனத்தை அரைகுறையாகச் செய்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வாழ்நாளில் நான் பிடித்த போட்டோப் படங்கள் அத்தனையையும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பிடித்தேன். வேண்டுமென்று மூடவில்லை. போட்டோப் பெட்டியைக் கொடுத்த தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரை, விசையைத் தட்டும்போது மூச்சை நிறுத்திக்கொள், இல்லாவிட்டால் பெட்டி ஆடிவிடும் என்று சொல்லியிருந்தார். எனக்கோ மூச்சை அடக்கினால் கண் தானாக மூடிக்கொள்ளும். சின்ன வயதில் ஆற்றில் முங்கிப் பழகியதன் பலன். மூக்குக்கும் கண்ணுக்கும் தனித்தனித் தாழ்ப்பாள் வைக்க என்னைப் படைத்தவனுக்கு அன்றைக்குக் கைவேலை அதிகம் போலிருக்கிறது.

அந்தப் பெட்டி இன்னும் எங்கள் ஜவுளிக்கடையில்தான் இருக்கிறது. கறுப்புத் தோல் ஒட்டிய சதுரப் பெட்டி. முன்னால் ஒரு கண், மேலே நகத்தளவு பார்வைக் கண்ணாடி, பின்னால் சுருளின் எண் தெரிவதற்கு ஒரு சிவப்புத் துளை. இப்போது அதன்மேல் கடைப் பூனை தலைவைத்துத் தூங்குகிறது. எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே உத்தியோகம். இலங்கை மலைமேல் இருக்கிற எங்கள் பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. கடைத்தெருவில் மாளிகையும் மயிலும் தீட்டிய திரையைத் தொங்கவிட்டு ஒருவர் படம் பிடிக்கிறார். ஜனங்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் முழங்கால் வலி கொஞ்சம் கூடுகிறது. நடை தளர்ந்துவிட்டதென்று அண்ணன் சொல்கிறார். தளர்ந்தது நடை மட்டுமென்றால் ஒரு பாட்டில் தைலத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்கிய புதிதில் நடந்தது இது. அப்பா காலத்திலிருந்தே பதுளையில் எங்களுக்கு ஜவுளிக்கடை. அளப்பது, கிழிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அண்ணன். வந்தவர்களைச் சிரிக்கவைத்து உட்காரவைப்பது மட்டும் நான். அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர்தான் அந்தச் சின்னதுரை. சண்டைக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டு, கப்பலேறும் முன்பு கடைக்கு வந்து பெட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரே ஒரு பிலிம் சுருள். ஆறு படம் விழும். வேறு சுருள் வேண்டுமென்று கொழும்புக்குச் சொல்லியனுப்பினால், கப்பல்களெல்லாம் இப்போது குண்டு சுமக்கின்றன, பிலிம் சுமப்பதில்லை என்று பதில் வந்தது. ஆகவே அந்த ஒரு சுருளை வைத்துக்கொண்டு பெரிய பெரிய திட்டமெல்லாம் போட்டேன். துன்ஹிந்த அருவி ஒன்று, கோயில் ஒன்று, கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸ் கட்டடம் ஒன்று, மிச்சம் மூன்றும் நான். என்னை நானே எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தப்புக்காரர் வந்தார். ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில் விடியுமுன் தப்பு என்கிற பறையை அடித்து, லயத்து வீட்டு வரிசைகளில் தூங்கும் ஜனங்களைப் பெரட்டுக்கு எழுப்புவது அவர் வேலை. பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது. மரம் வெட்டும்போது காலில் கட்டை விழுந்து ஒரு முழங்கால் மடங்காமல் போனதால், மலையேற முடியாத அவர் கையில் கங்காணி தப்பைக் கொடுத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அன்றைக்கு நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அப்போது எங்கள் கடையில் கூலியாட்களை வேறு மாதிரி யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. பேனாவுக்கு என்னைவிட வயதாகிவிட்டது போலும்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் வடிந்த பிறகு, வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"மொதலாளி, நான் செத்துப் போயிட்டேனாம்."

"எப்பய்யா?"

"போன வருசமாம். எனக்கே இப்பத்தான் சேதி வந்துச்சு."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் கையிலிருந்த தலைப்பாகைத் துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். அவருடைய ஊர், திருச்சிப் பக்கம், துறையூரைத் தாண்டி. அங்கிருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாக ஆள் பிடித்துக்கொண்டு வந்ததில் ஒருவன் இவரைக் கண்டதும் அலறியிருக்கிறான். இதே பெயருள்ள இன்னொருவன் வரும் வழியில் காய்ச்சலில் போனதை, யாரோ ஊருக்குப் போய் இவர் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"என் கருமாதிச் சோத்தத் தின்னவனே வந்து சொல்றான் மொதலாளி. கறிக்கொழம்புல உப்பு கொறச்சலாம். அதையும் எங்கிட்டயே சொல்றான்."

"சரி, ஒரு காயிதம் எழுதிப் போட்டுடலாம். நான் எழுதித் தர்றேன்."

"காயிதம் செல்லாதுங்க."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. ஊரில் மனைவி தாலியை அறுத்துவிட்டாள். அவளுடைய அண்ணன் தம்பிகள், தை அறுப்பு முடிந்ததும் வேறோர் இடத்தில் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சை முடித்துவிட்டார்கள். நீ உயிரோடிருப்பதாகச் சொல்லியனுப்பேன் என்றால், அதற்கும் வழியில்லை. ஆள் பிடிக்க வருகிற தரகர்கள் சில வருஷங்களாக அந்தப் பக்கத்தில் ஒரு வித்தை செய்துகொண்டிருந்தார்கள். "ஒன் புருசன் கூப்பிடறான், ஏறு வண்டியில" என்று சொல்லிப் பெண்களைக் கொண்டுபோய்த் தெரியாத தோட்டங்களில் இறக்கிவிட்டிருந்தார்கள். கையில் காகிதமும் இருக்கும், புருஷன் கைநாட்டும் இருக்கும், எல்லாம் பொய். அதனால் அந்த ஊரில் இலங்கையிலிருந்து வருகிற எழுத்தையும் பேச்சையும் யாரும் நம்புவதில்லை.

"நீ நேரா போய் நிக்க வேண்டியதுதானேய்யா?"

"கங்காணி துண்டு தரமாட்டாருங்க. கேட்டுப் பாத்துட்டேன். போனவன் திரும்ப மாட்டாங்கறாரு."

துண்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போகலாமென்று கொடுக்கிற சீட்டு. அது இல்லாமல் பாதையில் இறங்கினால் ஓடிப்போனவன் என்று பிடிப்பார்கள். மடங்காத காலோடு எவ்வளவு தூரம் ஓடமுடியும்?

"மொகத்தக் காட்டினா நம்புவாங்க. தொரை ஒங்களுக்கு மொகம் புடிக்கிற பொட்டி குடுத்தாராமே" என்றார்.

அருவியும் கோயிலும் கச்சேரியும் அந்த நிமிஷமே என் மனத்திலிருந்து போய்விட்டன. மிச்சம் மூன்றும் போகக் கொஞ்சம் நேரமானது. ஒரு படம் பிடித்து, அது சரியாக விழாவிட்டால் வேறு சுருள் கிடையாது; கொழும்புக்குப் போய்க் கழுவி வருவதற்குள் அறுப்பு நெருங்கிவிடும். ஆகவே சுருள் முழுவதும் இவருக்கே என்று முடிவு செய்தேன். ஒன்று தவறினால் இன்னொன்று. ஆறுமா தவறிவிடும்? அண்ணன் கேட்டுவிட்டு, "ஒரு மூஞ்சிக்கு ஆறு படம் எதுக்குடா? ராசாவுக்கே காசுல ஒரு பக்கந்தான் மூஞ்சி போட்டிருக்கான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்தின் கீழ்க் கடைசியிலிருந்த ஓடைக்குப் போனேன். லயத்துப் பக்கம் வேண்டாமென்று அவர்தான் சொன்னார். ஊருக்கு முகம் அனுப்புகிறவன் அடுத்தபடி காலையும் அனுப்புவான் என்று கங்காணிக்குத் தோன்றிவிடும். இரவு மழை பெய்து தேயிலை கழுவி வைத்ததுபோல் இருந்தது. மலைமேல் பனி இறங்குவதும் ஏறுவதுமாக ஒரு தீர்மானத்துக்கு வராமல் இருந்தது. அவர் குளித்து, வெள்ளைவேட்டி கட்டி, இரவல் கோட்டு ஒன்றைப் போட்டுத் தலைப்பாகையும் சுற்றிக்கொண்டு நின்றார். செத்தவன் என்று எந்தக் குருடனும் சொல்லமாட்டான்.

பெட்டியை எப்படிப் பிடிக்க வேண்டுமென்பதைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கக்கூடாது. தொப்புளுக்கு நேராக இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மேலேயிருக்கும் நகத்தளவு கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் வானத்தின் வெளிச்சம் பாதி, என் மூக்கின் நிழல் பாதி. நடுவில் கடுகளவில் ஏதோ வெள்ளையாக நிற்கும். அது வேட்டியா, ஓடைப் பாறையா என்று தெய்வத்துக்குத்தான் தெரியும். நான் முதலில் அவரை நேராகப் பார்த்து, "அப்படியே நில்லு, ஆடாதே" என்பேன். பனைமரம் மாதிரி நிற்பார். நான் குனிவேன், மூச்சை அடக்குவேன், கண் மூடிக்கொள்ளும், விசையைத் தட்டுவேன். நிமிர்ந்து பார்த்தால் அவரும் பனைமரம் மாதிரியே நிற்பார். எனக்கு ஏக திருப்தி. பாறைமேல் நிறுத்தி ஒன்று. தேயிலைக்கு முன்னால் ஒன்று. தப்பைக் கையில் கொடுத்து ஒன்று. உட்காரச் சொன்னேன், முதலாளி நிற்கும்போது உட்காருவதா என்று மறுத்துவிட்டார். சுருளைத் திருகித் திருகிச் சிவப்புத் துளையில் கடைசி எண்ணும் வந்து போயிற்று. "மொகம் வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். "வராம எங்கய்யா போகும்? உள்ள ஒக்காந்திருக்கு" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினேன். கிட்டே வந்து பெட்டியை மோந்து பார்த்தார்.

படங்கள் கொழும்பிலிருந்து வந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. தப்புக்காரர் வந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டுமென்று பிடிவாதமாக வைத்திருந்தேன். பிரித்தேன். ஆறு படமும் அப்படியொரு தெளிவு. தேயிலைக் கொழுந்தை ஒவ்வொன்றாக எண்ணலாம். கோட்டின் பொத்தான் தெரிந்தது. தலையின் உச்சியில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. முகம் மட்டும் ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றிலும் அவர் இடுப்பு வளைந்து, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்போடு நின்ற படத்தில் தப்பும் சேர்ந்து குனிந்திருந்தது.

அவர் தன் படத்தை அதற்கு முன்பு பார்த்தவரில்லை. ஒன்றை வாங்கி உற்றுப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் படத்தைத் தலைக்குமேல் தூக்கி, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். குனிந்திருப்பவனுடைய முகம் கீழேயிருந்து பார்த்தால் தெரியத்தானே வேண்டும்? தெரியவில்லை. கையை இறக்கிவிட்டார். நான் எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் காலி உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன்.

"ஏன்யா குனிஞ்ச?" என்று கேட்டது அண்ணன்தான்.

"சின்ன மொதலாளி குனிஞ்சாங்களே. அவங்க எனக்கு முன்னாடி குனியறப்ப நான் நட்டமா நிக்கிறதுங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ பாக்கலையாடா?"

கண்ணை மூடியிருந்தேன் என்று சொன்னேன். அண்ணன் சீலைகளை மடிக்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் தேவலை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியதுரை குதிரையில் வந்தால் பாதையிலிருந்து கான் வாய்க்காலுக்குள் இறங்கி, தலைப்பாகையை எடுத்து, முதுகு வளைய நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளைக்கு அதில் கொஞ்சம் குறைவு. கங்காணிக்கு வேறோர் அளவு. எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குக் கழுத்து மட்டும் வளைந்தால் போதும். யார் முன்னால் எவ்வளவு என்பதை முதுகே தெரிந்து வைத்திருக்கும், மனசைக் கேட்காது. இந்த ஏற்பாட்டில் முதலாளி கூலிக்காரன் முன்னால் குனிவதற்கு இடமே கிடையாது. நான் பெட்டியை அணைத்துக்கொண்டு பவ்வியமாகத் தலையைத் தாழ்த்தியதும் அந்த மனிதர் திகைத்துப் போயிருக்கிறார். என்னைவிடத் தாழ்ந்தால்தான் கணக்குச் சரியாகும். தாழ்ந்தார். ஆடாதே என்றேன், ஆடாமல் தாழ்ந்தே நின்றார். நான் நிமிர்ந்ததும் தலைப்பாகையைத் தலையில் வைத்து நிமிர்ந்தார். தவறு ஒன்றே ஒன்றுதான். அதை நாங்கள் இருவரும் முழு மனதோடு ஆறு தடவை செய்திருந்தோம்.

அறுப்புக்கு நாளில்லை. வேறு சுருளும் இல்லை. கடல் தாண்டி அக்கரைக்குச் சரக்கெடுக்கப் போகிற வேலை அந்த வருஷம் அண்ணனுடையது. என்னைப் போகச் சொன்னார். முகம் இல்லாவிட்டால் போகிறது, கண்ணால் பார்த்தவன் நான் ஒருத்தன் இருக்கிறேனே, பேசியே நம்பவைத்துவிடுகிறேன் என்று தப்புக்காரரிடம் சொன்னேன். வாய்ஜாலத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஊரில் தன்னைத் தெரிந்துகொள்ள என்னென்ன உண்டோ எல்லாம் சொல்லியனுப்பினார்: மாமனார் பேர், கிணற்றங்கரைப் புளியமரம், மனைவியின் முழங்கையில் சூடுபட்ட தழும்பு.

பண்டாரவளை வரை மாட்டுவண்டி, பிறகு ரயில், பிறகு கப்பல், மறுபடி ரயில். வாங்கிய சரக்கைத் திருச்சியில் போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது நெல் கதிர் முற்றித் தலைசாய்ந்திருந்தது. கோட்டும் குடையும் இலங்கைச் செருப்புமாக ஒரு கடைக்காரன் சேரிக்குள் நுழைந்ததும் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. தரகன் எப்படியிருப்பானோ அப்படியே இருந்தேன் நான். அவளுடைய அண்ணன் தம்பிகள் அரிவாளைக் கீழே வைக்காமலே வந்து நின்றார்கள். நான் பேசினேன். மாமனார் பேரைச் சொன்னேன். புளியமரத்தைச் சொன்னேன். தழும்பைச் சொன்னபோது மூத்தவன், "போன தடவ வந்தவன் மச்சத்தையே சொன்னான்" என்றான். நடுவே பழக்கதோஷத்தில், செத்தவர் தன் கருமாதிக் குழம்புக்கு உப்புப் போதவில்லை என்று வருத்தப்படுகிறார் என்று ஒரு வேடிக்கையும் சொன்னேன். பதுளையில் அதற்கு எல்லோரும் சிரித்திருப்பார்கள். அங்கே ஒரு கோழிகூடச் சத்தம் போடவில்லை. பேசப் பேச நான் இன்னும் அதிகமாகத் தரகனாகிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. கடைசியில் படங்களை எடுத்து நீட்டினேன்.

அவள் உள்ளேயிருந்து வந்து வாங்கினாள். ஒல்லியான பெண், நெற்றி வெறுமையாக இருந்தது. முற்றத்து வெயிலில் குந்தி, ஆறையும் மண்ணில் பரப்பி வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றின்மேல் விழுந்த தூசியை விரலால் துடைத்தாள். நின்றவர்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

அவள் என்னிடம் சொன்ன பதிலை இதுவரை ஒரே ஒருவரிடம்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். பதுளைக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, தப்புக்காரர் கடை வாசலில் வந்து நின்றபோது, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "அப்படியா சொன்னா?" என்று கேட்டார். "அப்படியேவா சொன்னா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அவர் அழுவார் என்று நினைத்திருந்தேன். அந்த முகத்தில் இருந்தது வேறு. பரிசு வாங்கியவன் முகம் மாதிரி இருந்தது. அதைப் படம் பிடிக்கச் சுருள் இல்லை. அதற்குப் பிறகு ஒரு காலை அந்தத் தோட்டத்தில் தப்புச் சத்தம் கேட்கவில்லை. ஜனங்கள் தூங்கிப்போய்ப் பெரட்டே தாமதமாயிற்று என்றும், கங்காணி நாலு பக்கமும் ஆள் விட்டார் என்றும் கடையில் பேசிக்கொண்டார்கள். ஆள் அகப்படவில்லை. துண்டில்லாமல், மடங்காத காலோடு, எந்த வழியாகப் போனாரோ. அறுப்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாரா, பின்னாலா, சேரவே இல்லையா, எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் கடைக்கு வரும்போதெல்லாம் கேட்டுப் பார்த்தேன். அந்த ஊரே தெரியாது என்றார்கள். இப்போது துண்டு வழக்கமும் ஒழிந்துவிட்டது. வேண்டுமென்றால் பதுளையிலேயே ரயிலேறிப் போய் விசாரிக்கலாம். முழங்காலைக் காரணம் காட்டிக்கொண்டு நான் போகாமல் இருக்கிறேன்.

அன்று அந்த முற்றத்தில் அவள் பேசாமலே இருந்தது எனக்குத் தாங்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? நானும் அவளுக்கு எதிரே மண்ணில் குந்தினேன். "மொகம் விழலன்னா என்னம்மா? தலை இருக்கு, தோள் இருக்கு, கை இருக்கு. நிக்கிற நிலையப் பாரு. நல்லாப் பாத்துச் சொல்லு, இது ஒன் புருசன் இல்லையா?" என்று கேட்டேன்.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"இல்லீங்க, குனிய மாட்டேன்னுதான் அந்த மனுசன் ஊரவிட்டே போனாரு."